கேபின் ஹீட்டர் படுத்தும் பாடு: சொந்தமாகக் கட்டிய சிறு விமானங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையிலிருந்து பறப்பவர்களுக்கு ஆண்டில் ஒன்பது மாதம், தம் விமானத்தில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே நினைவில் இராது. இங்கே குளிர்காலமான ஆடிக்கூழ் ஊற்றும் நாள்கள் நெருங்கும்போது, ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஏதோ வேலை வந்து, வான் ரீனன் கணவாயைத் தாண்ட உயரம் ஏறிய பிறகுதான் கை அந்தக் குமிழைத் தேடும். கீழே 20 டிகிரி இருந்தாலும், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி வீதம் குறைந்து, 9,500 அடியில் உறைநிலையை ஒட்டி வந்துவிடும். அன்று மாலையே எனக்குத் தொலைபேசி வரும்: "மாமா, ஹீட்டர் வேலை செய்யவில்லை." பல குளிர்காலங்களாக நண்பர்களின் ஹேங்கர்களில் இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததில் நான் கண்டது என்னவென்றால், ஹீட்டர்மேல் சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவற்றில் ஹீட்டர் நன்றாகவே இருக்கும், கோளாறு வேறெங்கோ இருக்கும்.

இந்த வழிமுறை, காற்றால் குளிரும் இன்ஜினில், புகைக்குழாயைச் சுற்றிய தகட்டு உறைக்குள் வெளிக்காற்றைச் செலுத்திச் சூடாக்கி, இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலில் உள்ள வால்வு வழியாகக் கேபினுக்குள் விடும் அமைப்புக்கு எழுதப்பட்டது. ரோட்டாக்ஸ் போன்ற இன்ஜின்களில் குளிர்விக்கும் நீரிலிருந்து சூடு எடுப்பவர்களுக்கான சிறு பகுதி கடைசியில் உள்ளது.

## அறிகுறி 1: தலைவலி, குமட்டல், புகை வாடை, அல்லது கார்பன் மோனாக்சைடு கருவியின் எச்சரிக்கை

மற்ற அறிகுறிகளைத் தரையிறங்கிய பிறகு நிதானமாகப் பார்க்கலாம். இதற்கு மட்டும் வானத்திலேயே செயல்பட வேண்டும். ஹீட்டரை மூடுங்கள். முன்பக்கத்திலிருந்து நேரே காற்று வரும் திறப்புகளை முழுவதும் திறந்து விடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு, அருகில் உள்ள ஓடுதளத்தில் இறங்குங்கள். பக்கச் சன்னலைத் திறப்பதில் மட்டும் ஒரு எச்சரிக்கை உண்டு. சில விமானங்களில் அது கேபின் காற்றை வெளியே உறிஞ்சி, அதே வேகத்தில் வால்பக்கத்திலிருந்து புகையை உள்ளே இழுக்கும். ஆகவே முன்திறப்புகளுக்கே முதலிடம் கொடுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வாடை வந்தால் அது கூடவே வந்திருக்கலாம் என்று கொள்ளலாமே தவிர, வாடை வரவில்லை என்பதால் அது இல்லை என்று சொல்ல முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி ஏமாறவும் வேண்டாம். கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கிவைத்த அந்தக் கருவி, ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் பிரித்தறியாமல், ஆபத்தான நிலையிலும் 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்.

இறங்கியதும் தலை தெளிந்துவிட்டது, திரும்பிப் பறக்கலாம் என்று எண்ணாதீர்கள். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்தில் ஏறிய அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம் ஆகும். மருத்துவரிடம் போனால் "தலைவலி" என்று மட்டும் சொல்லாமல், கார்பன் மோனாக்சைடு என்ற ஐயத்தையும் சொல்லுங்கள். அப்போதுதான் அதற்கான இரத்தப் பரிசோதனையைச் செய்வார்கள்.

இது வீட்டில் கட்டிய விமானங்களுக்கு மட்டுமே உரிய ஆபத்து என்று எண்ண வேண்டாம். 2019 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மாலிபு தொழிற்சாலையில் செய்யப்பட்டதுதான். அதில் பயணம் செய்த கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 58 விழுக்காடு ஏறியிருந்ததாகப் பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்தது.

### எந்தக் கருவியை நம்புவது

கருவிப் பலகையில் ஒட்டும் புள்ளி அட்டை மலிவானது. ஆனால் உறையைப் பிரித்த சில வாரங்களில் அதன் ஆயுள் முடிந்துவிடும், நிறம் மாறுவதையும் விமானிதான் கவனித்துப் பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டும் கருவி அதைவிட மேல் என்று பலர் வாங்கி வருகிறார்கள். பொய் அலாரத்தைத் தவிர்ப்பதற்காக அவற்றில் பல 70 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் மௌனமாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அதற்குள் பல விமானங்கள் டர்பனிலிருந்து, கணவாய்க்கு அப்பால் உள்ள ஹாரிஸ்மித்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். உடனுக்குடன் எண்ணைக் காட்டும் மின்னணுக் கருவியை வாங்குங்கள். எரிபொருள் தொட்டியை ஒருமுறை நிரப்பும் செலவைத் தாண்டினாலும் வாங்குங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. பறக்கும்போது 10 பிபிஎம்மைத் தாண்டினால், காரணம் தெரியும்வரை அடுத்த பயணம் இல்லை. 35 தாண்டினால் பயணத்தை முறித்து இறங்குவேன்.

### ஹீட்டரைத் திறந்தால் மட்டும் எண் ஏறுகிறது

கசிவு உறைக்குள் அல்லது உறைக்குக் காற்று வரும் வழியில் இருக்கிறது. முதலில் செலவில்லாத சோதனை: உறைக்கான காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். அது சிலிண்டர்களுக்கு முன்னாலோ மேலாகவோ உள்ள தூய காற்றாக இருக்க வேண்டும். இன்ஜின் மூடியான கௌலிங்கின் அடிப்பகுதியிலிருந்து எடுத்திருந்தால், எங்கோ ஒரு கேஸ்கெட் இலேசாகக் கசிந்தாலும் அந்தப் புகையை நீங்களே குழாய்போட்டு மடிக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று பொருள்.

அடுத்து, உறையைக் கழற்றுங்கள். கழற்றாமல் விளிம்போரம் டார்ச் அடித்துப் பார்ப்பது பார்ப்பதாகாது. குழாய் இணைப்புகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் சாம்பல்நிறப் பொடி தீற்றலாகப் படிந்திருக்கிறதா, புடைப்பு உண்டா, சைலன்சருக்குள்ளிருக்கும் தகடுகள் தட்டினால் கலகலக்கின்றனவா என்று பாருங்கள். ஐயமான இடத்தைப் பென்சிலால் வட்டமிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழாய் சூடேறும்போது பென்சிலின் கரி உலோகத்துக்குள் இறங்கி, அடுத்த வெடிப்பை அந்த வட்டத்தின்மேலேயே உண்டாக்கும். குழாய்களுக்கென்று உள்ள குறியிடும் மையைப் பயன்படுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாததைச் சோப்புத் தண்ணீர் காட்டும். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயின் முனையில் துணி சுற்றிச் செருகி ஓடவிடுங்கள். காற்று அழுத்தும் கம்ப்ரசர் வேண்டாம், அதன் அழுத்தம் மிக அதிகம். பிறகு ஒவ்வொரு இணைப்பின்மேலும் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய நழுவு இணைப்புகளில் சில குமிழிகள் வருவது இயல்பு. வெல்டிங்கிலோ குழாயின் உடம்பிலோ ஒரு குமிழி வந்தாலும் அது வெடிப்பு. வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நிலையில் நிற்கும் சிலிண்டர் வழியாகக் கார்புரேட்டரில் காற்றுச் சத்தம் கேட்டால் கவலைப்படாமல், புரொப்பெல்லரைச் சற்றுத் திருப்பிவிட்டு மீண்டும் பாருங்கள். திருப்புவதற்கு முன், இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ அணைந்திருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் ஒருவரின் விமானத்தில் உறையைக் கழற்றி நாங்கள் இருவரும் அரை மணி நேரம் கண்ணாடியும் டார்ச்சுமாகத் தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை. காற்றை ஊதித் தெளித்தபோது, உறையின் கிளாம்ப் உட்கார்ந்திருந்த அதே தடத்தில், ஒரு நெல்மணி நீளத்துக்கு, வரிசையாக நுண்ணிய குமிழிகள் எழுந்தன. கிளாம்ப் அங்கேயே அழுந்தியிருந்ததால் வெளியே கறையே படியவில்லை.

எப்போது நிபுணர்: வெடிப்பு என்று தெரிந்த நிமிடத்திலேயே. துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே ஆர்கான் வாயு நிரப்பி டிக் வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். கேட் செய்யும் பட்டறை வேலைக்கு இது ஒத்துவராது. இரண்டாம் முறை அதே இடத்தில் வெடித்தால் ஒட்டுப்போடாமல் புதிய குழாய் வாங்குங்கள். மாற்றிய பிறகு, உங்கள் விமானத்துக்குக் கையெழுத்திடும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் பறக்காதீர்கள்.

### ஹீட்டர் மூடியிருந்தும் எண் ஏறுகிறது

ஹீட்டரைக் கழற்றி எறிந்தாலும் இந்தக் குறை தீராது. விமானியின் தலைக்குமேல் உள்ள கண்ணாடி மூடியான, வளைந்த கேனப்பிக்கு மேலே ஓடும் காற்று கேபினிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட, வயிற்றுப் பகுதியை ஒட்டி ஓடும் புகை, வாலில் உள்ள துளைகள் வழியாக நுழைந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி வருகிறது. ஏறும்போது எண் கூடி, நேராகப் பறக்கும்போது குறைந்தால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி.

இருட்டிய பிறகு ஹேங்கர் விளக்கை அணைத்துவிட்டு, சக்திவாய்ந்த விளக்கொன்றை இன்ஜின் பக்கம் வைத்து, நீங்கள் கேபினுக்குள் உட்காருங்கள். ஃபயர்வாலில் நட்சத்திரம்போல் மின்னும் ஒவ்வொரு புள்ளியும் புகைக்கு வழி. பிறகு விளக்கை வால்கூட்டுக்குள் மாற்றிவைத்து இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்பைப் பாருங்கள். ஃபயர்வால் துளைகளை அதற்கென்று உள்ள தீத்தாங்கும் பசையால் அடையுங்கள். சாதாரண சிலிக்கான் நெருப்பில் நிற்காது. பின்தடுப்பில் கம்பிகள் செல்லும் துளைகளுக்கு மெல்லிய தோலுறையோ துணியுறையோ கட்டலாம், ஆனால் கட்டுப்பாட்டுக் கம்பிகளை முழு வீச்சில் அசைத்து, எங்கும் பிடிக்கவில்லை என்று பார்த்த பிறகே மூடுங்கள். இவற்றாலும் குறையவில்லையென்றால், புகைக்குழாயின் முனை வயிற்றுப் பகுதிக்கு மிக அருகில் முடிகிறதா என்று பாருங்கள். அதை நீட்டவோ சாய்க்கவோ வேண்டுமென்றால், அதிர்வால் வெடிக்காத தாங்கி அமைக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

### தரையில் ஓடும்போது மட்டும் ஏறுகிறது

பின்காற்றில் ஓடும்போது தன் புகையே தன்னைத் தொடரும். காற்றை எதிர்த்து நிறுத்தி மீண்டும் பாருங்கள். எண் உடனே விழுந்தால் பழுது இல்லை.

## அறிகுறி 2: குமிழை இழுத்தும் காற்றே வரவில்லை

கடற்கரையில் நிறுத்திய விமானங்களில் நான் முதலில் ஐயப்படுவது கேபிளைத்தான். உப்புக் காற்றில் ஒன்பது மாதம் அசையாமல் கிடந்த கேபிள் உறைக்குள் இறுகிவிடும். குமிழ் வரும், கம்பி வளையும், வால்வு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஒருவர் உள்ளே குமிழை இழுக்க, மற்றவர் கௌலிங்கைத் திறந்து வால்வின் நெம்புகோலைக் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளே இருந்துகொண்டு "இழுபடுகிறது" என்று சொல்வது போதாது.

வால்வு திறந்தும் காற்று இல்லையென்றால், நுழைவாயிலில் டார்ச் அடியுங்கள். கோடையில் மண்குளவிகளுக்கு இரண்டங்குலக் குழாயைவிட வசதியான வீடு கிடையாது. நான் ஒரு நெளிகுழாயை உதறியபோது உள்ளேயிருந்து கைப்பிடி நிறையக் காய்ந்த மண் கொட்டியது. தட்டிக் கொட்டி விட்டேன் என்று முடித்துவிடாமல், உறைக்குள்ளும் மண் போயிருக்கிறதா என்று பாருங்கள். இனிமேல் நிறுத்தும்போது, "பறக்கும்முன் கழற்றுக" என்று தொங்கும் சிவப்புத் துணியோடு ஒரு அடைப்பான் வையுங்கள்.

அடுத்தது நெளிகுழாய். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் விலகிக் குழாய் நசுங்கியிருக்கலாம், அல்லது இரண்டடுக்குக் குழாயின் உள்ளடுக்கு கழன்று வழியை அடைத்திருக்கலாம். இரண்டுமே வெளியிலிருந்து தெரியாது; கழற்றி ஒரு முனையை விளக்கை நோக்கிப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 3: காற்று வருகிறது, சூடு இல்லை

இறங்குவதற்காக இன்ஜின் வேகத்தைக் குறைத்தபோது மட்டும் சூடு குறைந்தால் அது பழுதன்று. புகை குறைந்தால் சூடும் குறையும்.

நேராகப் பறக்கும்போதும் இளஞ்சூடுதான் என்றால், உறையிலிருந்து ஃபயர்வால்வரை உள்ள குழாய் எவ்வளவு நீளம், குளிர்காற்று அடிக்கும் இடத்தில் போகிறதா என்று பாருங்கள். அங்கே கறுப்புக் குழாய் போட்டிருந்தால் அதை மாற்றுவதும் இப்போதே செய்ய வேண்டியது. கறுப்பு நியோப்ரீன் குழாய் ஏறத்தாழ 150 டிகிரிவரைதான் தாங்கும், சிவப்புச் சிலிக்கான் குழாய் 230 டிகிரியைத் தாண்டியும் தாங்கும்.

பிறகு உறைக்குள் காற்று எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற கேள்வி. நுழைவழியும் வெளிவழியும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தால், காற்று குழாயைத் தொடாமலே ஓடிவிடும். குழாயைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுச் சுருள்வில்லைச் சுற்றினால் காற்று அதில் மோதிப் புரண்டு சூடேறும். பாத்திரம் தேய்க்கும் எஃகு நார் உருண்டைகளைத் திணிப்பவர்களும் உண்டு. அதில் எனக்குத் தயக்கம் உண்டு. இழைகள் உதிர்ந்து வால்வில் சிக்கும், காற்றோட்டமும் பாதியாகக் குறையும், அடுத்த ஆண்டு வெடிப்பைத் தேடும்போது அத்தனையையும் பிய்த்தெடுக்க வேண்டும்.

இவை எதுவும் போதவில்லையென்றால், மறுபக்கக் குழாயிலும் ஒரு உறை போட்டு இரண்டையும் தொடராக இணைப்பது கடைசி வழி. இரண்டாவது உறை என்றால் கசியக்கூடிய இடம் இரண்டு என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மின்சார ஹீட்டரைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். 14 வோல்ட்டில் ஒரு கிலோவாட் சூடு வேண்டுமென்றால் 70 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சிறிய இன்ஜின்களின் மின்னாக்கி அதில் மூன்றில் ஒரு பங்கு தருவதே பெரிது. சூடேறும் மேற்சட்டை 4 ஆம்பியருக்குள் முடிந்துவிடும், என் மனைவி அதைத்தான் அணிகிறார். முகாம்களில் பயன்படுத்தும் கேஸ் அடுப்பு ஹீட்டரைக் கேபினுக்குள் ஏற்றுவதை எக்காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

## அறிகுறி 4: பாதம் சுடுகிறது, முதுகும் முழங்காலும் விறைக்கின்றன

எனக்கு வரும் அழைப்புகளில் மிகுதியானவை இந்த வகை. ஹீட்டர் தன் வேலையைச் செய்கிறது. குளிர் வேறு வழியாக உள்ளே கொட்டுகிறது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. நான்கு இடங்களைப் பாருங்கள்: இறக்கையின் அடியில், விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் எய்லரான்களின் கம்பிகள் நுழையும் துளை, சக்கரக் கால் உடம்போடு சேரும் இடம், கேனப்பியின் ஓரம், இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்பு.

கண்டுபிடிக்க ஒரு கம்பளி நூல் போதும். பக்கத்தில் உட்காரும் நண்பர், ஒரு சாண் நீள நூலைக் குச்சியில் கட்டி, பறக்கும்போது விளிம்புகளை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே வரட்டும். நூல் எங்கே துடிக்கிறதோ அங்கே மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. ஓட்டுபவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஊதுவத்திப் புகையால் ஹேங்கரிலேயே பார்த்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். பெட்ரோல் குழாய்கள் ஓடும் கேபினுக்குள் ஊதுவத்தியா என்று நான் திருப்பிக் கேட்டேன். தரையிலேயே பார்க்க வேண்டுமென்றால், முன்திறப்பு வழியாக ஊதுகருவியால் கேபினுக்குள் காற்றை நிரப்பி, வெளியே கேனப்பி விளிம்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்.

அடைப்பதற்குக் கடையில் கிடைக்கும் கதவோர நுரைநாடாவே கேனப்பிக்குப் போதும், ஆனால் தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா என்று பலமுறை மூடித் திறந்து பாருங்கள். நாடா தடித்துவிட்டால் தாழ் பாதியில் நிற்கும், வானத்தில் கேனப்பி திறப்பது குளிரைவிடப் பெரிய தொல்லை. எய்லரான் கம்பிகளுக்குப் பழைய மழைக்கோட்டுத் துணியில் சட்டைக்கைபோல் தைத்து இரண்டு முனைகளிலும் கட்டினால் போதும். பின்தடுப்பை அடைத்த அன்றே, அறிகுறி 1-இல் சொன்ன பின்வழிப் புகைக்கும் பாதி மருந்து போட்டாயிற்று.

கேனப்பியின் சட்டமே வளைந்திருந்தால், அல்லது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலுவதாகத் தோன்றினால், நாடாவை ஓரம் வைத்துவிட்டுப் பரிசோதகரை அழையுங்கள்.

## அறிகுறி 5: ஹீட்டரை அணைக்க முடியவில்லை, அல்லது கருகிய வாடை

மூடிய வால்விலிருந்தும் சூடு வந்தால், தட்டின் ஓரம் வளைந்திருக்கலாம், அல்லது கேபிளின் நீளம் சரியில்லாமல் கடைசிக் கால் அங்குலம் மூடாமல் நிற்கலாம். கேபிளைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை.

கருகிய வாடை வந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, உறையின்மேல் எண்ணெய் சொட்டுகிறதா என்பது. அப்படியென்றால் முதலில் எண்ணெய்க் கசிவை நிறுத்துங்கள். மற்றது, ஹீட்டரை மூடும்போது உறைக்குள் உள்ள காற்று வெளியேற வழி இருக்கிறதா என்பது. வால்வு வெறுமனே அடைத்துவிடும் வகையாக இருந்தால், உறைக்குள் காற்று தேங்கிக் குழாயும் நெளிகுழாயும் வேகும். மூடிய நிலையில் சூட்டைக் கௌலிங்குக்குள் திருப்பிவிடும் வால்வே சரியானது.

வால்வுப் பெட்டியின் மேல் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், அல்லது சுரண்டிப் பாருங்கள். அலுமினியமாக இருந்தால், அது 660 டிகிரியில் உருகும். இன்ஜின் தீ 1,000 டிகிரியைத் தாண்டும். ஃபயர்வாலில் இரண்டங்குலத் துளை போட்டு அதில் அலுமினியக் கதவு வைத்ததாகும். எஃகு வால்வுக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அலுமினியம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகின் பல வகைகளும் காந்தத்தில் ஒட்டாது, எடையும் சுரண்டலும்தான் காட்டிக்கொடுக்கும்.

## அறிகுறி 6: குளிர்விக்கும் நீரில் சூடு எடுக்கும் அமைப்பில் இனிப்பு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு

சிறு ரேடியேட்டர் கேபினுக்குள் கசிகிறது. வெறும் மூச்சின் ஆவி என்றால் துணியால் துடைத்ததும் போய்விடும். குளிர்விக்கும் நீரில் கலந்திருக்கும் கிளைகோல் என்றால் எண்ணெய்போல் தேய்ந்து பரவும். வானத்தில் கண்டால் ஹீட்டரை மூடி, காற்றைத் திறந்து, நீர்வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே அருகில் இறங்குங்கள்; உள்ளே வடிவது இன்ஜினைக் குளிர்விக்கும் நீர், தீர்ந்தால் இன்ஜினும் நிற்கும். தரையில் முதலில் கிளாம்ப்களை முறுக்கிப் பாருங்கள், பிறகு ரப்பர்க் குழாயின் முனைகளில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். ரேடியேட்டரின் உடம்பில் கசிந்தால் ஈயம் வைத்து ஒட்டாமல் மாற்றுங்கள். சூடு வராமல் வாடையும் இல்லையென்றால் பெரும்பாலும் குழாயில் காற்றுக் குமிழி சிக்கியிருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு மேல்மூடியைத் திறந்து, வால் தாழ முன்பக்கத்தை உயர்த்தி வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை பொறுமையாக நிரப்புங்கள். நிரப்பிய அளவைக் குறித்துவைத்து, அடுத்த இரண்டு பயணங்களுக்குப் பிறகும் மட்டம் இறங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகே மலைத்தொடரைத் தாண்டுங்கள்.